துன் சம்பந்தன்: பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து எஸ்டேட் வாங்க வைத்தவர்

கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் நீங்க நடக்கும் முக்கியச் சாலையின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். பூமாலைக் கடை, புடவைக் கடை, வாழை இலைச் சாப்பாடு எல்லாம் இந்தப் பக்கம்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் இங்கே கார் நிறுத்த இடம் தேடி அலைஞ்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். மோனோரயிலில் ஒரு நிலையத்துக்கும் அதே பெயர்.

ஆனா யார் இந்தச் சம்பந்தன்? பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லாக் ஆகியோருடன் சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாவது தலைவர் என்பது பலருக்கு நினைவிருக்கும். சுதந்திரம் வாங்கிய தலைவர்களில் ஒருவர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் (மஇகா) தலைவர், அமைச்சர். பரீட்சைக்கு இது போதும்.

அவருடைய வாழ்க்கையில் பரீட்சைக்கு வராத ஒரு பகுதி இருக்கிறது. அது ரப்பர், நிலம், பணம் சம்பந்தப்பட்டது. உங்க தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றால், அவர்கள் வீட்டு அலமாரியில் அந்தக் கதையின் சின்ன அத்தாட்சி, ஒரு கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம், இருந்திருக்கவும் வாய்ப்புண்டு.

ரப்பர் ஏன் அவ்வளவு முக்கியம்?

இன்றைக்கு கிள்ளான் பள்ளத்தாக்கு என்றால் அடுக்குமாடி, எம்ஆர்டி, மால். நூறு வருஷத்துக்கு முன்னால் இது ரப்பர் காடு. 1877இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதில் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஊரில் ஒரு பழைய மரம் இன்னமும் நிற்கிறது. அப்புறம் கார் வந்தது, டயர் தேவைப்பட்டது, உலகம் முழுக்க ரப்பர் விலை ஏறியது. சிலாங்கூரில் காஜாங், கிள்ளான், கோல சிலாங்கூர் வட்டாரங்கள் எஸ்டேட் எஸ்டேட்டாக மாறின.

ரப்பர் ஷீட்டுகள் ரயிலிலும் லாரியிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் போய்க் கப்பல் ஏறின. 1901இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தைத்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேத் தொழிலாளர்கள் நிறைந்த வட்டாரமாக வளர்ந்ததற்கும் இந்தப் பொருளாதாரத்துக்கும் தொடர்பு உண்டு.

1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது, நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் ரப்பரில் இருந்து வந்தது. ஈயம் அதற்கு அடுத்து. சாலை, பள்ளி, மருத்துவமனை கட்ட அரசாங்கத்துக்குக் கிடைத்த காசில் பெரிய பங்கு, விடியற்காலையில் தலைவிளக்கு வெளிச்சத்தில் மரத்தைச் சீவியவர்களின் கையில் இருந்து வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் நாலரை மணிக்கே எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, காட்டுக்குப் போக வேண்டும். பெரிய எஸ்டேட்டுகளில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அவர்களுக்கு என்ன கிடைத்தது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கைகளைப் பார்த்தாலே பதில் தெரியும். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூடு. இவற்றோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 1949 மே 4 அன்று, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ.கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் அமலில் இருந்த நேரம் அது. போராட்டப் பாதை எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தோட்டத் தமிழர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். சம்பந்தன் அரசியலுக்கு வந்தது இந்தச் சூழலில்தான். இதை மனசில் வச்சுக்கிட்டு அவர் கதைக்கு வாங்க.

தோட்ட முதலாளியின் மகன்

வீராசாமி திருஞானசம்பந்தன் பிறந்தது 1919 ஜூன் 16, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். அப்பா வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டில் இருந்து வந்து, ரப்பர் நிலம் வாங்கித் தோட்ட உரிமையாளர் ஆனவர். அந்தக் காலத்தில் எஸ்டேட் என்றால் வெள்ளைக்காரக் கம்பெனி. சொந்தத் தோட்டம் வைத்திருந்த தமிழர் அரிது. அதனால் சம்பந்தன் லயன் வீட்டில் வளர்ந்தவர் இல்லை. வெளிப்படையாகச் சொன்னால் அவர் வசதியான வீட்டுப் பிள்ளை.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலப் படிப்பு. ஆமாம், முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட அதே ஊர். பிறகு சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. அங்கே இந்திய தேசிய காங்கிரஸ் சார்ந்த மாணவர் அரசியலில் இறங்கினார். காந்தி மீதான பிடிப்பு அங்கிருந்து வந்தது. ஊர் திரும்பியதும் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளி உருவாக்கினார். 1954இல் அதைத் திறந்து வைக்க வந்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

ஒரு தற்செயல் இங்கே. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட உடனடிக் காரணம் அந்தச் சம்பவம். அன்றைக்கு சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த பிறந்தநாள். சொந்த ஊரில், சொந்தத் தொழிலில், பிறந்தநாள் அன்று.

1955இல் மஇகாவின் தலைவர் ஆனார். அதற்கு முன் அந்தக் கட்சியின் மேல்மட்டத்தில் வழக்கறிஞர்கள், வணிகர்கள் செல்வாக்கு அதிகம். தோட்டத் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக உறுப்பினராக்கி, கட்சியை அவர்கள் பக்கம் திருப்பியவர் சம்பந்தன். அதே ஆண்டு நடந்த தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சர் ஆனார். 1957இல் சுகாதாரம். 1959க்குப் பிறகு பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு என்று பத்து ஆண்டுக்கும் மேல் அமைச்சரவையில் இருந்தார். சுபாங் விமான நிலையம் 1965இல் திறக்கப்பட்டது அவர் பொதுப்பணி அமைச்சராக இருந்த காலத்தில்.

சுதந்திரம் வந்தது, எஸ்டேட் விற்பனைக்கு வந்தது

இனி முக்கியமான பகுதி. கொஞ்சம் கணக்கு இருக்கு, பொறுமையா வாசிங்க.

ரப்பர் மரத்துக்கு ஆயுள் உண்டு. நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை பால் கிடைக்காது. கிடைக்க ஆரம்பித்தால் இருபத்தைந்து, முப்பது ஆண்டு ஓடும். அப்புறம் மரத்தை வெட்டிவிட்டுத் திரும்ப நட வேண்டும். 1950களில் மலாயாவின் பல எஸ்டேட்டுகளில் மரங்கள் கிழடு தட்டியிருந்தன. மறுநடவு செய்தால் பல ஆண்டு வருமானம் இல்லை. போதாததற்கு, உலகப் போரின்போது வளர்ந்த செயற்கை ரப்பர் போட்டிக்கு நின்றது. சுதந்திர மலாயாவில் வரி எப்படி இருக்கும், சொத்து நிலைக்குமா என்ற சந்தேகம் வேறு.

லண்டனில் உட்கார்ந்திருந்த பங்குதாரர் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. மறுநடவுக்குக் காசு போடுவதைவிட நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவது சுலபம். வாங்குவதற்கு ஆளும் இருந்தது. இடைத்தரகர்களும் கூட்டாகச் சேர்ந்த முதலீட்டாளர்களும் ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு போட்டு விற்றார்கள். ஏக்கர் கணக்கில் பார்த்தால் துண்டுக்குக் கூடுதல் விலை. இப்படி லட்சக்கணக்கான ஏக்கர் கை மாறியது. இதற்குத் தமிழில் துண்டாடல் என்று பெயர். பிரச்சினை எவ்வளவு பெரியது என்றால், பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையான துண்டாடலைப் பற்றித் தனியாக ஒரு பெரிய ஆய்வே செய்தார்.

தொழிலாளிக்கு இதில் என்ன கஷ்டம், புது முதலாளியிடம் வேலை பார்த்தால் போச்சு என்று தோணலாம். விஷயம் என்னவென்றால், மலாயாவின் கணக்கில் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் அது எஸ்டேட். அதற்குக் கீழே சிறுதோட்டம். எஸ்டேட் முதலாளி என்றால் லயன் வீடு, தண்ணீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை எல்லாம் எதிர்பார்க்கப்படும். இருபது ஏக்கர் வாங்கியவருக்கு அந்தச் சுமை எதுவும் இல்லை. அவர் சொந்தக்காரர்களை வைத்து வெட்டிக் கொள்ளலாம், இல்லையென்றால் குத்தகைக்கு ஆள் பிடிக்கலாம்.

ஆக, எஸ்டேட் துண்டாகும்போது வேலை மட்டும் போவதில்லை. வீடு போகும், ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. பிள்ளை படிக்கும் தமிழ்ப் பள்ளி, தாத்தா காலத்தில் கட்டிய மாரியம்மன் கோயில் எல்லாம் நிற்கும் நிலம் வேறு ஒருவர் பெயருக்குப் போய்விடும். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தும் சொந்தமாக ஒரு அடி மண் இல்லாத மக்கள் அவர்கள். பலரிடம் குடியுரிமைப் பத்திரமும் கிடையாது.

சம்பந்தனின் யோசனை

சட்டம் போட்டுத் துண்டாடலை நிறுத்த வேண்டும் என்ற குரல் தொழிற்சங்கப் பக்கத்தில் பலமாக இருந்தது. அமைச்சரவையில் இருந்த சம்பந்தன் வேறு வழியைப் பிடித்தார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதா, நாமே வாங்குவோம். அதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

யார் காசில்? பால்மரம் வெட்டுகிறவர்களின் காசில். ஒரு பங்கு 100 வெள்ளி, அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். (அன்றைய மலாயா டாலரைத்தான் வெள்ளி என்றார்கள். இப்பவும் வீட்டில் ரிங்கிட்டை அப்படித்தானே சொல்றோம்.) பத்து வெள்ளி சின்னத் தொகை கிடையாது. தொழிலாளியின் நாள் கூலி சில வெள்ளிதான். நாள் கணக்கில் உழைத்தால்தான் பத்து வெள்ளி. அதிலும் மழை பெய்தால் வெட்டு இல்லை.

அமைச்சராக இருந்துகொண்டே சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். வேலை முடிந்த மாலை நேரங்களில் கூட்டம். அவர் வாங்கச் சொன்னது பெரும்பாலோர் வாழ்நாளில் பார்க்கப் போகாத ஒரு எஸ்டேட்டின் பங்கை. கிள்ளான் பக்கம் வெட்டும் ஒருவர் கட்டிய பணம் கெடாவில் நிலமாக மாறலாம். கண்ணால் பார்க்காத சொத்துக்குக் கூலிக் காசைக் கொடுங்கள் என்று கேட்பது லேசான காரியமா? சீட்டு பிடித்தவன் ஓடிப்போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அவர்மேல் இருந்த நம்பிக்கையில்தான் பலர் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள் என்று நினைக்கிறேன். முதலாளி வீட்டுப் பிள்ளை என்பது அந்த இடத்தில் அவருக்கு உதவியிருக்கும். ரப்பர் கணக்கு தெரிந்தவர், நம்ம பணத்தில் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்.

அடுத்த ஆண்டே முதல் தோட்டம் வாங்கப்பட்டது. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் எஸ்டேட், ஏறத்தாழ 3,000 ஏக்கர். துண்டாகாமல், லயன் வீடுகளோடு, முழுசாக. அதன் பிறகு ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, பத்துக்கும் மேற்பட்ட எஸ்டேட்டுகள் சங்கத்தின் கைக்கு வந்தன. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் உறுப்பினர் ஆனார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூட்டுறவுத் தோட்டத்தில் வேலை செய்யும் உறுப்பினர் கூலி உயர்வு கேட்டால் யாரிடம் கேட்கிறார்? ஒரு விதத்தில் தன்னிடமேதான். கூலி கூடினால் ஆண்டு இறுதியில் லாப ஈவு குறையும். ரப்பர் விலை சரிந்தால் இரண்டுமே இழுபறி. முதலாளி ஆவது என்றால் நஷ்டத்துக்கும் பங்காளி ஆவது என்பது புரிய ஆரம்பித்த இடம் அது.

எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடிந்ததா?

இல்லை. துண்டாடப்பட்ட மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் வாங்கியது சிறு பகுதி. நூறு வெள்ளிப் பங்குகளின் வேகம் ஒரு பக்கம், நிலச் சந்தையின் வேகம் இன்னொரு பக்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த இடைவெளி இன்னும் அகலம். இங்கே நிலத்தின் விலையைத் தீர்மானித்தது ரப்பர் பால் கிடையாது, வீடமைப்பு. 1950களின் தொடக்கத்திலேயே எஃபிங்ஹாம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர் எஸ்டேட், பெட்டாலிங் ஜெயா ஆக ஆரம்பித்துவிட்டது. சுங்கை ரெங்கம் எஸ்டேட் ஷா ஆலம் ஆனது. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் எஸ்டேட் 1990களில் புத்ராஜெயா ஆனது. மலாயில் 'பெராங் பெசார்' என்றால் பெரும் போர். அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கில் பக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன.

பயிரும் மாறியது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் தொடங்கப்பட்டது. எஸ்டேட்டின் பெயர் தென்னமாரம். சத்தமா வாசிச்சுப் பாருங்க, நம்ம தென்னமரம் காதில் கேட்கும். 1960களுக்குப் பிறகு ரப்பரை நம்பி மட்டும் இருக்கக் கூடாது என்று அரசு செம்பனையை ஊக்குவித்தது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆள் குறைவு. தினமும் விடியலில் ஒவ்வொரு மரத்தையும் தொட வேண்டிய வேலை அதில் இல்லை.

இன்னொரு அடி 1969இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பிறந்தது முதல் தோட்டத்தை விட்டு வெளியே போகாதவர்கள் அந்நியர் பட்டியலில் வந்தார்கள். பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். சம்பந்தன் மீதான கடுமையான விமர்சனம் இங்கேதான் வருகிறது. 1957இல் குடியுரிமை விஷயத்தில் அவர் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டாமா? கூட்டணிக்குள் இணங்கிப் போவதே அவர் பாணியாக இருந்ததே? இந்தக் கேள்விகள் நியாயமானவை. பங்கு சேர்க்கப் போன அதே தோட்டங்களில், அதே வேகத்தில் குடியுரிமை மனுக்களும் சேர்க்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி ஆண்டுகள்

1967இல் நாட்டின் உயர்ந்த பட்டமான துன் கிடைத்தது. 1972இல் தேசிய ஒற்றுமை அமைச்சர். 1973இல் பிரதமர் இல்லாத ஒரு நாள், தற்காலிகப் பிரதமராக அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். வினாடி வினாக்களில் அடிக்கடி வரும் தகவல் இது. அதே ஆண்டு கட்சிக்குள் ஏற்பட்ட நெருக்கடியில், 18 ஆண்டு வகித்த தலைமையை வி.மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். அந்த விலகல் இனிமையாக நடக்கவில்லை.

பரம்பரையாக வந்த ரப்பர் நிலத்தில் பெரும் பகுதி அரசியலில் கரைந்துவிட்டது என்றும், அவர் விட்டுச் சென்றது அவருக்கு வந்ததைவிடக் குறைவு என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பதவிக்கு வந்தால் சொத்து கூடும் என்பது வழக்கமாகிவிட்ட காலத்தில் வாசிக்கும் நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். 1979 மே 18 அன்று கோலாலம்பூரில் காலமானார். 60 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அவருக்குப் பிறகு மனைவி தோ புவான் உமா சம்பந்தன் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

சங்கம் இன்றும் இயங்குகிறது. பழைய ரப்பர்க் காடுகளில் செம்பனை நிற்கிறது. உறுப்பினர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் பால் வெட்டும் கத்தியைத் தொட்டதே இல்லை. தாத்தா பெயரில் இருக்கும் பங்கை யார் பெயருக்கு மாற்றுவது என்பதுதான் பல வீடுகளில் இப்போதைய பேச்சு. உங்க வீட்டிலும் அப்படி ஒரு பங்கு இருக்கிறதா என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இருந்து மோனோரயில் ஏறினால், துன் சம்பந்தன் நிலையத்துக்கு அடுத்தது மகாராஜாலேலா. அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கட்டடத்தின் பெயர் விஸ்மா துன் சம்பந்தன்.